அரண்மனையும் ஆஸ்பத்திரியும்

இராஜாக்கமங்கலத்துக் கடற்கரையிலே நின்று பாருங்கள். மேற்கே, கரையோரமாகவே சென்றால், முட்டம். கடலுக்கு முதுகு காட்டி, தென்னந்தோப்புகளைக் கடந்து வடமேற்காக உள்நாடு சென்றால், நெய்யூர். அங்கிருந்து இன்னும் சற்று வடக்கே, பத்மநாபபுரம். வான்வழி அளந்தால் எல்லாம் இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இந்தச் சின்னஞ்சிறு வட்டத்துக்குள்ளே இரு கட்டடங்கள். ஒன்று அரண்மனை, மற்றொன்று ஆஸ்பத்திரி. அரண்மனையிலே ஒரு டாக்டர் பேயை விரட்டினார். ஆஸ்பத்திரியிலே பல டாக்டர்கள் நோயை விரட்டினர். முன்னவர் கற்பனையிலே பிறந்தவர். பின்னவர்கள் இரத்தமும் சதையுமாக இந்த மண்ணிலே நடமாடியவர்கள். கற்பனை டாக்டரை நாடே அறியும். உண்மை டாக்டர்களை அறிந்தோர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்!

பொழுதுபோக்குக்காகக் கேட்கும் கேள்வியன்று இது. இரவு உணவு முடிந்து, வீடு முழுவதும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, மர்மத் தொடரிலே மூழ்கிக் கிடக்கிறதே, அந்த நேரத்திலே நம் வீட்டுப் பிள்ளைகள் மருத்துவரைப் பற்றியும் மந்திரவாதியைப் பற்றியும் என்ன பாடம் கற்கிறார்கள் என்பதைப் பற்றிய கேள்வி. அந்தப் பாடத்தினால் சிலர் உயிர் பிழைத்திருக்கிறார்கள். சிலர் சங்கிலியோடு எரிந்து சாம்பலாகியிருக்கிறார்கள்.

பேய் பேசிய மொழி

முதலில் அரண்மனைக்குச் செல்வோம்.

வேணாட்டு மன்னர்களும் பின்னர் திருவிதாங்கூர் மன்னர்களும் வீற்றிருந்த மாளிகை அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தது. மாளிகை மட்டும் நின்றது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும், அதன் பராமரிப்புக் கேரள அரசின் தொல்பொருள் துறையிடமே இருந்து வருகிறது. தமிழ் மண்ணிலே நிற்கும் கேரளத்து மாளிகை!

அந்த மாளிகையிலும் திருப்பூணித்துறை ஹில் பாலஸிலும் படம் பிடித்து, 1993-ஆம் ஆண்டு மலையாளத்தில் வெளிவந்தது 'மணிச்சித்திரத்தாழ்'. கதை எழுதியவர் மது முட்டம், இயக்கியவர் பாசில். பழைய மாளிகை, பூட்டிய அறை, அறைக்குள்ளே, கொலையுண்ட நாட்டியக்காரி நாகவல்லியின் ஆவி, பூட்டைத் திறந்ததும் வீட்டிலே விபரீதங்கள். 'பேய்தான்' என்று நடுங்குகிறது குடும்பம். அப்போது வந்து சேருகிறார் அமெரிக்காவிலிருந்து டாக்டர் சன்னி ஜோசப். மனநோய் மருத்துவர். சிரிக்கிறார், கேலி பேசுகிறார், ஆனால் கண்ணை மட்டும் இமைக்காமல் வைத்திருக்கிறார். வீட்டார் ஒரு பெண்மீது ஐயம் கொள்ள, அவர் வேறொரு பெண்ணைக் கவனிக்கிறார். இறுதியிலே உண்மை வெளிப்படுகிறது: ஆவியும் இல்லை, அரக்கியும் இல்லை, நண்பனின் மனைவி கங்காவின் உள்ளமே இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி நாகவல்லியாக வாழ்கிறது. நோய் அது, பேயன்று.

இந்த டாக்டர் பிறகு மொழிதோறும் அவதாரம் எடுத்தார். 2004-ல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'. 2005-ல் தமிழில் 'சந்திரமுகி', டாக்டர் சரவணனாக இரஜினிகாந்த். 2007-ல் இந்தியில் 'பூல் புலையா'. ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா, தோழர்களே? மலையாளத்துப் பேய் தமிழ் பேசிற்று, தஞ்சையிலிருந்து வந்தவளாம்! தமிழ்நாட்டுப் பேயோ தெலுங்கு பேசிற்று. இந்திக்காரர்கள் வீட்டிலே பேய் வங்காளி! எந்த ஊரிலும் பேய் உள்ளூர்க்காரியாக இல்லை. அண்டை வீட்டுக்காரரை அந்நியராகக் காணும் மனத்திலேதான் பேய் குடியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கதையின் டாக்டர் நோயைக் கண்டுபிடித்தார். போற்றுகிறோம், ஐயமின்றிப் போற்றுகிறோம். பேய்க்கதையை நோய்க்கதையாக மாற்றி, கோடிக்கணக்கான மக்களைக் கைதட்ட வைத்தது சிறு செயலன்று. ஆனால், கண்டுபிடித்த பின்னர் அவர் என்ன செய்தார்? மந்திரவாதியைத் துணைக்கழைத்தார்! களம் எழுதி, தீ மூட்டி, மந்திரம் ஒலிக்க, நள்ளிரவிலே பெரும் சடங்கு. ஆளுக்குப் பதில் பொம்மையை வைத்து, 'பழிவாங்கிவிட்டேன்' என்று நோயுற்ற பெண்ணை நம்ப வைத்தல். பிறகு அவள் குணமடைதல். அந்த மந்திரவாதிக்கும் அது நோயென்று தெரியும். டாக்டருக்கும் தெரியும். திரைக்கு முன்னே அமர்ந்திருப்போருக்கு எது மனத்தில் நின்றது? டாக்டர் இரண்டு நிமிடம் சொன்ன விளக்கமா? பத்து நிமிடம் எரிந்த தீயா?

ஒரே நகரத்துப் பிள்ளைகள்

மர்மக் கதைக்குள் டாக்டர் எப்படி நுழைந்தார் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு கிளை, நம்புவீர்களோ மாட்டீர்களோ, நெய்யூரைத் தொடுகிறது.

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரிலே ஜோசப் பெல் என்றொரு அறுவை மருத்துவர் இருந்தார். நோயாளி வாய் திறக்குமுன்பே, நடையையும் உடையையும் கையிலுள்ள காய்ப்பையும் பார்த்து, அவர் செய்யும் தொழிலையும் வந்த ஊரையும் சொல்லிவிடுவார். மந்திரமன்று, கூர்ந்து பார்த்தல், பார்த்ததிலிருந்து காரணம் தேடுதல். 1876 முதல் 1881 வரை அங்கே மருத்துவம் பயின்ற ஆர்தர் கோனன் டாயில், அந்த ஆசிரியரை மனத்திலே வைத்துத்தான் ஷெர்லாக் ஹோம்சைப் படைத்தார். 1887-ல் வெளிவந்த முதற்கதையிலேயே ஹோம்சின் பக்கத்திலே ஒரு டாக்டரையும் நிறுத்தினார், அவர்தான் வாட்சன். அன்று முதல் இன்று வரை, உலகின் மர்மக் கதைகளிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வரும் டாக்டர்களுக்கெல்லாம் பாட்டன் அந்த வகுப்பறையிலே பிறந்தவர். நம் காலத்தில், 2004 முதல் 2012 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'டாக்டர் ஹவுஸ்' ஹோம்சின் பேரனேதான். அங்கே நோயே குற்றவாளி, நோயின் குறிகளே தடயங்கள்.

கோனன் டாயில் அந்நகரிலே படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே எடின்பரோவிலே, வெளிநாடு செல்லும் மருத்துவ ஊழியர்களைப் பயிற்றும் நிலையத்துக்குத் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? ஜான் லோ. எங்கிருந்து திரும்பியவர்? நெய்யூரிலிருந்து! ஒரே நகரம், ஒரே காலம். ஒரு தெருவிலே கற்பனை டாக்டருக்கு விதை ஊன்றப்படுகிறது. மறுதெருவிலே நெய்யூரின் பட்டறிவு மாணவர்களுக்குப் பாடமாகிறது. விதை உலகமெல்லாம் மரமாயிற்று. பாடத்தையோ நாம் மறந்தோம்.

நெய்யூர் காட்டிய வழி

அந்தப் பாடம் என்ன?

1838-ஆம் ஆண்டு, இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பிலே ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற மருத்துவர் நெய்யூரிலே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர் சார்லஸ் லீச். இளைஞர். வந்து ஓரிரு ஆண்டுகள்கூட முழுமையாகப் பணியாற்றவில்லை. 1854-ல் முட்டத்துக் கடலிலே குளிக்கச் சென்றவரை அலை கொண்டு சென்றது. இராஜாக்கமங்கலத்துக் கரையிலே மோதும் அதே கடல். 1861-ல் வந்தவர் ஜான் லோ. அவர் செய்த அரும்பணி, மருந்து கொடுத்தது மட்டுமன்று. இந்த மண்ணின் இளைஞர்களையே திரட்டி மருத்துவம் கற்பித்தது. பயின்றவர்கள் சுற்றுவட்டாரத்திலே கிளை மருத்துவ நிலையங்களைக் கவனித்தனர். அவர் வருவதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1859-ல்தான், இதே தென் திருவிதாங்கூரிலே பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் போராடி, அரசின் ஆணை பெற்றனர் என்பதை நினைவிலே வையுங்கள். தீண்டாமையும் காணாமையும் கோலோச்சிய நாட்டிலே, நாடியைத் தொட்டுப் பார்க்க ஒரு கை நீண்டது என்றால், அந்தத் தீண்டுதலே பாதி மருந்தல்லவா!

1922-ல் எவரெஸ்ட் சிகரத்தை ஏற முயன்ற குழுவிலே ஒருவர், ஹோவர்டு சோமர்வெல். ஏற்றம் முடிந்து ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர் நெய்யூருக்கும் வந்தார். ஒரே அறுவை மருத்துவர் பெருங்கூட்டத்தைச் சமாளிக்கத் திணறும் காட்சியைக் கண்டார். இலண்டனிலே காத்திருந்த வாழ்வைத் துறந்தார், நெய்யூரிலே தங்கினார். 1924-ல் மீண்டும் ஒருமுறை எவரெஸ்டுக்குச் சென்று வந்ததைத் தவிர, நெய்யூரே அவருக்கு மலையாயிற்று. 1940-களின் இறுதியிலே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் வரை அங்கே பணியாற்றினார்.

அவர் எதிர்கொண்ட மர்மத்தைக் கேளுங்கள். நம் நாட்டிலே வயிறு எரிந்தால், உணவு செரியாமல் உடல் மெலிந்தால், 'கைவிஷம்' என்பார்கள். யாரோ பகைவன் சோற்றிலே மருந்து வைத்துவிட்டானாம். அது குடலிலே ஒட்டிக்கொண்டதாம். மந்திரித்து எடுக்க வேண்டுமாம்! எத்தனை குடும்பங்கள் இதனால் பகை கொண்டன! மாமியார் மருமகளை ஐயுற்றாள். அண்ணன் தம்பியை ஐயுற்றான். மந்திரவாதி காட்டிய குற்றவாளி எப்போதும் ஒரு மனிதனே. சோமர்வெல் வயிற்றைத் திறந்து பார்த்தார். குற்றவாளி அங்கே இருந்தது: முன்சிறுகுடலிலே புண். இப்பகுதியிலே அது மிகுந்திருப்பதைக் கண்டார். மக்கள் உண்ணும் உணவிலே காரணம் தேடினார். அறுவையினால் ஆயிரக்கணக்கானோரின் துயர் துடைத்தார். கண்டதை மருத்துவ ஏடுகளிலே எழுதினார். மாமியாரும் குற்றவாளியல்ல, மருமகளும் குற்றவாளியல்ல. மர்மம் உடைந்தது, பகை ஒழிய வழி பிறந்தது.

ஒன்றை மறைப்பதற்கில்லை. நெய்யூரிலே மருந்தோடு மதமும் வந்தது. ஜெபம் செய்தார்கள், வேதம் வாசித்தார்கள். பகுத்தறிவாளர் அதை அறிவர். அதற்காக நன்றியை மறைக்கவும் மாட்டார்கள். ஏனெனில், ஜெபம் செய்த கையே கத்தியைப் பிடித்தபோது, 'ஜெபத்தால் புண் ஆறும்' என்று கூறி அறுவையை நிறுத்தவில்லை. புண்ணுக்குக் கத்தி, காய்ச்சலுக்கு மருந்து என்ற கணக்கிலே அவர்கள் கலப்படம் செய்யவில்லை. அதுதான் பாடம்.

சாதி எனும் வாதை

வெள்ளையரே வந்து மருத்துவம் செய்ய வேண்டிய நிலை ஏன் வந்தது? இந்த மண்ணிலே டாக்டராகத் தகுதி பெற்றவர் இல்லையா? இருந்தார், விரட்டப்பட்டார்!

டாக்டர் பல்பு. 1863-ல் திருவனந்தபுரத்திலே பிறந்தவர். திருவிதாங்கூரிலே மருத்துவம் பயில்வதற்கான தேர்வில் தேறினார். ஆனால் இடமில்லை என்றனர். காரணம்? ஈழவர்! கடன் வாங்கிச் சென்னைக்குச் சென்று மருத்துவம் படித்துப் பட்டத்தோடு திரும்பினார். வேலை கேட்டார். மீண்டும் இல்லை! மைசூர் அரசு அவரை ஏற்றது. 1898-ல் பெங்களூரிலே பிளேக் நோய் தலைவிரித்தாடிய காலத்திலே, உயிரைப் பணயம் வைத்து அவர் பணியாற்றினார். தன் நாட்டிலே தொடக்கூடாதவர், அயல்நாட்டிலே பிளேக் நோயாளியைத் தொட்டுக் காத்தார். 1896-ல், 13,176 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைத் திருவிதாங்கூர் மன்னரிடம் சேர்ப்பித்தவரும் அவரே.

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டிலே 'வாதை' என்றால் ஆட்டிப்படைக்கும் கொடுந்தெய்வம். உண்மையான வாதை எது? டாக்டரையே ஊரைவிட்டு ஓட்டிய சாதியல்லவா! எந்த மர்மத் தொடரும் இந்த வாதையைப் பற்றிப் பேசுவதில்லை. பழைய மாளிகையின் பூட்டிய அறைக்குள்ளே ஆவியைக் காட்டுவர். மருத்துவப் பள்ளியின் பூட்டிய கதவுக்கு வெளியே நின்ற மாணவனைக் காட்டமாட்டார்கள்.

கோவூர் விட்ட அறைகூவல்

கதைக்கும் வாழ்வுக்கும் பாலமாக ஒருவர் நின்றார்: ஆபிரகாம் கோவூர். திருவல்லாவிலே 1898-ல் பிறந்து, 1928-ல் இலங்கைக்குச் சென்று, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பிற கல்லூரிகளிலும் தாவரவியல் கற்பித்தவர். மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். ஆயினும், ஓய்வு பெற்ற பின் 'பேய் வீடு' என்று எங்கேனும் செய்தி வந்தால் அங்கே செல்வார். கல் விழுகிறதாம், துணி எரிகிறதாம்! அமைதியாக உட்கார்ந்து வீட்டாரை ஒவ்வொருவராக விசாரிப்பார். பேய் என்று சொல்லப்பட்டதன் பின்னே அடக்கி வைத்த அச்சமும் சொல்ல முடியாத துயரமும் கொண்ட மனித உள்ளத்தைக் கண்டார். மந்திர ஆற்றலை மோசடிக்கு இடமில்லாத முறையிலே மெய்ப்பித்துக் காட்டுவோருக்கு இலங்கைப் பணம் ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963-ல் அறைகூவல் விடுத்தார். 1978-ல் அவர் மறையும் வரை அந்தப் பணத்தை வென்றவர் இல்லை.

அவருடைய குறிப்பேட்டிலிருந்து எடுத்த கதைதான் 1972-ல் மலையாளத்தில் 'புனர்ஜென்மம்' என்றும், 1973-ல் தமிழில் 'மறுபிறவி' என்றும் திரைப்படமாயிற்று. மனத்தின் சிக்கலைக் காட்டிய படம். மணிச்சித்திரத்தாழுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வழி திறக்கப்பட்டிருந்தது!

கோவூருக்கு வாய்த்த அமைதியான முடிவு எல்லோருக்கும் வாய்க்கவில்லை. மராட்டியத்திலே நரேந்திர தபோல்கர், மருத்துவப் பட்டம் பெற்றவர், மூடநம்பிக்கை ஒழிப்புக்கு இயக்கம் கண்டவர், 2013 ஆகஸ்டு 20-ஆம் நாள் புனே நகரிலே காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வாழ்நாளெல்லாம் வேண்டிய மாந்திரீக ஒழிப்புச் சட்டம், அவர் இறந்த அதே ஆண்டிலே நிறைவேறிற்று. சுட்டவர் இருவருக்கு 2024-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. கதையிலே டாக்டர் கொலைக்குத் துப்புத் துலக்குவார். இங்கே டாக்டரே கொலையுண்டார்.

சின்னத்திரையின் கள்ளக் கதவு

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். 1990-களிலே, பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' தொடர்கள் தமிழ் வீடுகளை ஆட்கொண்டன. 'விடாது கருப்பு' தொடரிலே ஊர்க்காவல் தெய்வம் கருப்பு ஒருபுறம்; பிளவுபட்ட ஆளுமை எனும் மனநோய் மறுபுறம். திறமையான படைப்பு, அதை மறுப்பாரில்லை. ஆனால் இத்தகைய தொடர்கள் பலவற்றிலே ஒரு பழக்கத்தைக் காணலாம். அறிவு முன்வாசல் வழியாக வருகிறது, விளக்கம் தருகிறது, நாம் தலையசைக்கிறோம். கடைசிக் காட்சியிலே, புழக்கடையிலே ஒரு கள்ளக் கதவு திறந்திருக்கும். அது வழியாக 'அறிவுக்கு எட்டாத சக்தி' மெல்ல உள்ளே வந்து அமர்ந்துகொள்ளும்! டாக்டர் வாயடைத்து நிற்பார், பூசாரி புன்னகை புரிவார், திரை விழும்.

"கதைதானே ஐயா, சுவைக்காகச் செய்கிறார்கள், இதற்கு ஏன் இத்தனை கோபம்?" என்று கேட்போர் உண்டு. கோபமன்று, கணக்கு. அந்தக் கணக்கு ஏர்வாடியிலே எழுதப்பட்டிருக்கிறது.

ஏர்வாடிச் சங்கிலி

2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. தர்காவின் புனித நீரும் விளக்கெண்ணெயும் மனநோயைத் தீர்க்கும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள், தனியார் விடுதி ஒன்றிலே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். அதிகாலையில் கொட்டகை தீப்பற்றிற்று. ஓட முடியவில்லை, சங்கிலி விடவில்லை. 28 பேர் மாண்டனர். கங்காவைப் போன்றவர்கள்தாம் அவர்களும். ஆனால் அவர்களைத் தேடி எந்த டாக்டர் சன்னியும் வரவில்லை.

தர்கா மட்டுமா? கோவிலும் தேவாலயமும் இந்தத் தொழிலுக்கு விலக்கல்ல. எந்த மதத்தின் பெயரால் விலங்கிட்டாலும் இரும்பு இரும்புதான். அந்தப் பேரிடருக்குப் பின் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. உரிமமற்ற விடுதிகள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக்கூடாது என்று தெளிவாகவே தடை செய்கிறது. பின்னாளிலே ஏர்வாடியிலேயே, நம்பிக்கையோடு வருவோருக்கு மனநல மருத்துவமும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது.

அந்த ஏற்பாட்டை நாம் குறை கூறவில்லை. மக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே மருத்துவம் செல்ல வேண்டும். ராம்சே அப்படித்தான் வந்தார். சோமர்வெல் அப்படித்தான் தங்கினார். மருத்துவர் மந்திரவாதியின் வாசலுக்குச் செல்லலாம். மந்திரவாதியின் வேடத்தைப் போடலாகாது. வாசலுக்குச் சென்றால் நோயாளியை மீட்டுவரலாம். வேடம் போட்டால், ஒரு நோயாளி குணமாவாள். அவளைப் பார்த்த ஊர் முழுவதும் நோயுறும்.

இளைஞர்களே! மர்மத் தொடர்களைப் பார்க்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பாருங்கள், சுவையுங்கள். ஆனால், டாக்டர் திரையிலே தோன்றும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இவர் இறுதி வரை டாக்டராக இருக்கிறாரா, பாதியிலே பூசாரியாகிறாரா? எழுதும் ஆற்றலுள்ளவர்கள் நெய்யூரை எழுதுங்கள், பல்புவை எழுதுங்கள், கோவூரை எழுதுங்கள். கைவிஷத்தைத் தேடிப்போன கத்தி குடற்புண்ணைக் கண்ட கதையைவிடவா பெரிய மர்மக் கதை உண்டு? எவரெஸ்டிலிருந்து இறங்கிவந்து நெய்யூரிலே தங்கியவனைவிடவா பெரிய கதாநாயகன் உண்டு?

இராஜாக்கமங்கலத்துப் பிள்ளைகள் சுற்றுலா என்று பத்மநாபபுரம் செல்கிறார்கள். 'இங்கேதான் நாகவல்லி ஆடினாள்' என்று காட்டப்படுகிறார்கள். செல்லட்டும், தச்சர் கைத்திறன் அங்கே உண்டு, காணட்டும். திரும்பும் வழியிலே நெய்யூரிலே வண்டியைச் சற்று நிறுத்துங்கள். 'இங்கேதான் பேய் செத்தது' என்று சொல்லுங்கள்.